மீட்டர் வைத்துக் கேட்டவர்

அவர் பாட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒலிபெருக்கிக்கு ஆம்ப்ளிஃபயர் செய்கிற பட்டறையில் வேலை பார்த்தவருக்கு இது கொஞ்சம் விசித்திரமான குணம்தான். ஒரு செட் முடிந்தால் நாங்கள் எல்லோரும் மேசையைச் சுற்றிக் கூடிவிடுவோம். யாராவது கிராமபோன் தட்டைச் சுழலவிடுவார்கள். நாங்கள் பற்றவைத்த கம்பிகளுக்குள்ளிருந்து ஒரு குரல் எழும்பி வருகிற சந்தோஷம் ஒவ்வொரு தடவையும் புதிதாக இருக்கும். அவர் வருவார். ஊசியைத் தட்டிலிருந்து தூக்குவார். சத்தம் அடங்கியதும் மீட்டரின் இரண்டு முனைகளையும் செட்டுக்குள் வைத்து, முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார்.

"பாட்டு ஓடும்போது எல்லா செட்டும் நல்ல செட்தான் ரீ. பாட்டு இல்லாதப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பார்க்கணும்" என்பார்.

முள் சரியான இடத்தில் நின்றாலும் நம்பமாட்டார். "இரலி, சூடாகட்டும்" என்பார். 'இருக்கட்டும்' என்பதற்கான அந்தக் கன்னட 'இரலி'யைப் பட்டறையில் எல்லோரும் அவர் மாதிரியே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள்.

மைசூர் லஷ்கர் மொகல்லாவில், ஒரு மரக்கிடங்குக்குப் பின்னால் இருந்தது எங்கள் பட்டறை. மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் மாறியிருந்த சமயம். ஊருக்கு ஊர் மேடை போட்டார்கள். மேடை இருக்கிற இடத்தில் மைக் செட் வேண்டும். மின்சாரம் போய்ச் சேராத ஊர்களுக்குக் கார் பேட்டரியில் ஓடுகிற டிரான்சிஸ்டர் செட்தான் தோது. முதலாளிக்கு மூச்சுவிட நேரமில்லை. நான் கொள்ளேகாலத்துக்காரி. டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றும் பெண்களைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்திருந்தார். செட் வடிவமைப்பதும் சோதித்து வெளியே அனுப்புவதும் மீட்டர் வைத்துப் பார்க்கிற அவருடைய பொறுப்பு. எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தப் பட்டறையில் டிப்ளமா படித்த ஒரே பெண் அவர்தான் என்பதால் எல்லோருக்கும் 'மேடம்'. எனக்கும் அதுவே பழகிவிட்டது.

அவருடைய அப்பா ரயில்வே வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து மைசூருக்கு வந்தவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் நடந்து, இங்கிலீஷில் போய் முடிகிற வாக்கியங்கள், நடுநடுவே மரியாதைக்கு ஒரு கன்னட 'ரீ'. மெல்லிய குரல். கோபம் வந்து அந்தக் குரல் ஏறியதே கிடையாது. என் கொள்ளேகாலத்து 'ங்க'வைக் கேட்டு, "உங்க ஊர்ல திட்டினாக்கூட மரியாதையாத்தான் திட்டுவாங்களா?" என்று ஒருநாள் கேட்டார். ஆமாங்க என்றேன். அவருக்குச் சிரிப்பு நிற்க வெகுநேரமாயிற்று.

அவர் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் செட்டின் கடைசிக் கட்டத்தில் இரண்டு பவர் டிரான்சிஸ்டர்கள் இருக்கும். ஒலியின் மேல்பாதியை ஒன்று தூக்கும், கீழ்ப்பாதியை இன்னொன்று. யாரும் பேசாத நேரத்திலும் இரண்டிலும் கொஞ்சம் மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தக் கொஞ்சத்தை நிர்ணயிப்பதைத்தான் பயாஸ் வைப்பது என்போம். திருப்புளியால் ஒரு சின்னக் குமிழைத் திருப்பி வைப்பதுதான். ஆனால் அதிகம் வைத்தால் டிரான்சிஸ்டர் சூடாகும். சூடானால் மின்சாரம் தானாகக் கூடும். கூடினால் இன்னும் சூடாகும். அப்படியே போய் எரிந்துவிடும். காலையில் அருமையாகப் பாடிய செட் மத்தியானம் மூன்று மணி வெயிலில் செத்துப்போவது இப்படித்தான். சூட்டிலும் மின்சாரம் ஓடிப்போகாமல் இழுத்துப் பிடிக்க உள்ளே சில உறுப்புகள் உண்டு. அதனால் சத்தம் கொஞ்சம் குறையும். முதலாளி அவற்றில் ஒன்றை எடுத்துவிட்டுச் சத்தத்தைக் கூட்டலாமே என்று எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். இவர் மறுத்துப் பேசமாட்டார், செய்யவும் மாட்டார்.

நான் சேருவதற்கு முன்னால் ஹனூர்ப் பக்கம் ஒரு கூட்டத்துக்கு எங்கள் செட் போயிருந்ததாம். சித்திரை வெயில். தகரக் கூரைக்குக் கீழே செட்டை வைத்திருக்கிறார்கள். ஒருவர் உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒலிபெருக்கி ஊளையிட்டு அடங்கிவிட்டது. கூட்டம் சிரித்திருக்கிறது. வெயிலில் செட் எப்படி நடக்கிறது என்று பார்க்க இவரும் போயிருந்தார். ஓடிப்போய் மூடியைத் திறந்து அவசரத்தில் டிரான்சிஸ்டரைத் தொட்டுவிட்டார். கட்டைவிரலில் அந்தத் தழும்பு இருந்தது.

ஊர் திரும்பியதும் பழப்பெட்டிப் பலகையில் ஒரு பெட்டி அடித்து, உள்ளே பல்புகளை மாட்டி, செட்டை அதில் வைத்துச் சூடேற்றிப் பார்க்க ஆரம்பித்தார். பட்டறையில் அதற்கு வெயில் பெட்டி என்று பெயர். அதில் தேறாத செட் வாசலைத் தாண்டாது. அவர் கையால் போன செட் எதுவும் அதற்குப் பிறகு எரியவில்லை. மாதேஸ்வரன் மலையில் ஜாத்திரைத் திருவிழாக் கூட்டத்துக்கு நடுவில், நாள் முழுக்க, காணாமல் போன பிள்ளைகளின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்ததும் அவர் செட்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவர் என் பக்கம் வருவார். பெண்கள் முறைவைத்துச் சாப்பிடுவதால் கம்பி சுற்றும் மெஷின் அப்போதும் கடகடவென்று ஓடும். பேச வேண்டுமானால் கத்தத்தான் வேண்டும். மற்றப் பகுதிக்காரர்கள் சாப்பாட்டுக்கு மரக்கிடங்கு நிழலுக்கு ஓட, இவர் மட்டும் மெஷின் ஓரத்தில் டப்பாவைத் திறப்பார். எங்களோடு இருக்கப் பிடித்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டோம். அப்போது அவருக்கு ஒரே மகள், ஐந்து வயது. கணவர் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. வீட்டு விஷயம் எல்லாவற்றையும் அந்தக் கடகடப்புக்கு நடுவில்தான் பேசுவார். அமைதியான இடத்தில் அவர் அதிகம் பேசியதே இல்லை.

ராமநவமிக் கச்சேரிகள் நடக்கிற மாதத்தில் ஒரு செட் திரும்பி வந்தது. ஒரு பஜனைக் கூடத்துக்காரர்கள் வாங்கியது. சொற்பொழிவுக்கு நன்றாக இருந்ததாம். வீணைக் கச்சேரி வைத்தபோதுதான் தகராறு. வாசித்த வித்வானே கூடவே வந்துவிட்டார். வயதானவர். முதலாளியிடம் கன்னடத்தில் பொறுமையாகச் சொன்னார். தந்தியை மீட்டியதும் நாதம் நன்றாக எழும்புகிறது, ஆனால் அது தேய்ந்து தேய்ந்து அடங்குகிற இடத்தில் ஒரு வண்டு உட்கார்ந்துகொண்டு அரிக்கிறது என்றார்.

முதலாளி அவரை உள் அறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். என்னையும் மேடத்தையும் கூப்பிட்டார். ஒரு வீணைத் தட்டைப் போட்டு, சத்தத்தை மிகவும் குறைத்தார். எனக்குக் கேட்டது. ஒவ்வொரு சுரத்தின் வாலிலும் மணல்தாள் தேய்க்கிற மாதிரி ஒரு கரகரப்பு.

"கேக்குதா?" என்று முதலாளி மேடத்தைக் கேட்டார்.

அவர் மீட்டரை வைத்தார். முள்ளைப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு சார்" என்றார்.

வித்வான் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். முதலாளிக்குத் தெரிந்ததெல்லாம், மேடம் பிடிவாதக்காரர் என்பதுதான். எனக்கு அது பிடிவாதமாகப் படவில்லை.

பயாஸ் கூடினால் எரியும் என்று முன்பு சொன்னேன். குறைந்தால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. ஒரு டிரான்சிஸ்டர் விட்டதை இன்னொன்று பிடிப்பதற்குள் சின்ன இடைவெளி விழும். பெரிய சத்தத்தில் அது தெரியாது. மெல்லிய ஓசையில் கரகரவென்று கேட்கும். எரியக் கூடாது, எரியக் கூடாது என்று அவர் ஒவ்வொரு செட்டிலும் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார். எவ்வளவு இறக்கலாம் என்று காதுதான் சொல்லவேண்டும். மீட்டர் சொல்லாது.

சாப்பாட்டு நேரத்தில் மெஷின் பக்கத்தில் கேட்டேன். "மேடம், அந்தக் கரகரப்பு உங்களுக்குக் கேக்கலீங்களா?"

டப்பாவை மூடினார். திரும்பத் திறந்தார். "நல்லாக் கேக்குதா உங்களுக்கு?" என்றார்.

"நல்லாக் கேக்குதுங்க."

அப்போதுதான் சொன்னார். காதுக்குள் ஒரு சின்ன எலும்பு இறுகிப்போகிற வியாதி. அவருடைய அம்மாவுக்கும் இருந்திருக்கிறது. இவருக்கு மகள் பிறந்த பிறகு தொடங்கியது. இரைச்சலான இடத்தில் எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். இவருக்கு இரைச்சல் கேட்காது, அந்தக் குரல் மட்டும் கேட்கும். அதனால்தான் மெஷின் பக்கத்தில் வந்து உட்காருவது. பெங்களூரில் ஒரு காதுக்கு ஆபரேஷன் செய்ததில், அதில் இருந்ததும் போய்விட்டது. மிச்சமிருப்பது இன்னொரு காது. கணவருக்குத் தெரியும். பட்டறையில் யாருக்கும் தெரியாது.

"கேக்காதவ ஆம்ப்ளிஃபயர் பண்றாளான்னு சிரிப்பாங்க" என்றார். பிறகு, "நான் திருப்பறேன். கரகரப்பு போற இடத்துல நீங்க நிறுத்தச் சொல்லுங்க. எரியாம நான் பார்த்துக்கறேன்" என்றார்.

அன்றிலிருந்து அப்படித்தான் நடந்தது. தட்டில் மெல்லிய இசை ஓடும். செட் வெயில் பெட்டிக்குள் இருக்கும். அவர் திருப்புளியோடு உட்காருவார். நான் ஸ்பீக்கரில் காதை வைப்பேன். "இன்னும் இருக்குங்க, இன்னும் கொஞ்சம், ம், போச்சு." அவர் முள்ளைப் படித்து, அந்த இடத்திலிருந்து செட் நகராமல் நிற்க உள்ளே எதை மாற்றவேண்டும் என்று கணக்குப் போடுவார். எதற்கு இரண்டு பேர் என்று முதலாளி கேட்டபோது, "இவங்களுக்கு என்னைவிட நல்ல காது சார்" என்றார். பொய் இல்லைதான். பஜனைக் கூடத்துக்குச் செட் திரும்பிப் போனது. வண்டு போய்விட்டதாக வித்வான் சொல்லியனுப்பினார். அதை நான் சொன்னபோது அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அந்த மழைக்காலத்தில் மறுபடி உண்டாகியிருப்பதாகச் சொன்னார். எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முன்னால் வந்தது. டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டேன். பிரசவத்தோடு காது இன்னும் மோசமாகலாம், ஆகாமலும் போகலாம் என்றாராம். வீட்டில் யாராவது வற்புறுத்துகிறார்களா என்று கேட்டேன்.

"யாரும் இல்ல ரீ. வீட்டுக்காரர் வேண்டாம்னுதான் சொன்னார். எனக்குத்தான் வேணும். குழந்தை, காது ரெண்டும் நிக்கும்னு நினைக்கறேன்."

செட் சூடாகாமல் எந்த முள்ளையும் நம்பாதவர் அதை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னார். நான் எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

மாதம் ஏற ஏற, மெஷின் பக்கத்திலும் நான் இரண்டாம் முறை சொல்லவேண்டி வந்தது. பிறகு என் உதட்டைப் பார்க்க ஆரம்பித்தார். நான் அதற்கு ஏற்றபடி முகத்தை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு பேசப் பழகினேன். பயாஸ் வைக்கும்போதும் அவர் கண் முள்ளின் மேல் பாதி, என் வாய் மேல் பாதி என்று அலைந்தது.

ஒருநாள் புது செட் ஒன்று வெயில் பெட்டியில் இருந்தது. கரகரப்பு போகும் நேரம் பார்த்து எனக்குத் தும்மல் வந்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டே, "போதுங்க, நிறுத்துங்க" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு திருப்பிக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை கத்தினேன். கை நிற்கவில்லை. முள் ஏறியது, அவர் திருப்பியதையும் மிஞ்சித் தானாக ஏறியது. எரிந்த வாசனை வந்த பிறகுதான் அவர் குனிந்து பார்த்தார்.

சுவிட்சை அணைத்தார். பெட்டியைத் திறந்து புகை வெளியேறட்டும் என்று விலகி நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை. "நீங்க சொன்னீங்களா?" என்று கேட்டார்.

சொன்னேன் என்று தலையாட்டினேன்.

"எத்தனை தடவை?"

இரண்டு விரலைக் காட்டினேன். அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அந்த வாரமே முதலாளியிடம் தானே எல்லாவற்றையும் சொன்னார். நான் கூட இருந்தேன். முதலாளி நல்ல மனுஷர். வீட்டிலிருந்தே சர்க்யூட் போட்டுக் கொடுங்கள், சோதிப்பதை வேறு யாராவது பார்க்கட்டும் என்று ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினார். அவர் அதைப் படித்துவிட்டுக் காகிதத்தைத் திரும்ப மேசைமேல் வைத்தார்.

"நான் அனுப்பற செட் எப்படிப் பாடுதுன்னு எனக்குத் தெரியணும் சார். தெரியாம அனுப்பமாட்டேன்."

வாசலில் விடைபெற்றார். என் தோளைத் தட்டிவிட்டு, சேறும் தண்ணீருமான சந்தில் ஓரமாக நடந்து போனார். பின்னால் வந்த சைக்கிள்காரர் மணியடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

அடுத்த வருஷம் எனக்குக் கல்யாணம். சேலத்துக்குப் போய்விட்டேன். அவருக்குப் பையன் பிறந்தான் என்றும் காது சுத்தமாகப் போய்விட்டது என்றும் பட்டறைப் பெண் ஒருத்தி சொல்லித் தெரிந்தது. பிறகு சில வருஷம் எதுவும் தெரியவில்லை. ஒரு வேண்டுதலுக்காக நஞ்சன்கூடு கோவிலுக்கு வந்தபோதுதான் விசாரித்துக்கொண்டு, அங்கேயே குடிவந்திருந்த அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் தட்டி என்ன பயன் என்று தயங்கி நின்றபோது, ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி அம்மாவைப் புடவையைப் பிடித்து இழுத்து வந்தான். என்னைப் பார்த்ததும் அவர் என் பெயரைச் சொன்னார். அந்த மெல்லிய குரல் எங்கோ போய்விட்டிருந்தது. கட்டுப்பாடில்லாமல் மேலேறி, பாதியில் உடைகிற குரல். என்னை ஜன்னலுக்கு எதிராக, முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்கார வைத்தார்.

காதுக்கு வைக்கிற கருவி வாங்கிப் பார்த்தாராம். சத்தம் வருகிறதாம், வார்த்தை வருவதில்லையாம். "எவ்வளவு பெருக்கினாலும் புரியறதில்ல" என்றார். கழற்றி வைத்துவிட்டார். மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். காப்பி கொடுத்தார். பழைய பெண்களை ஒவ்வொருவராக விசாரித்தார். நான் வாயை அசைத்து அசைத்துப் பதில் சொன்னேன். பையன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து பம்பரத்துக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான்.

திடீரென்று கேட்டார். "இவன் குரல் எப்படி இருக்கு?"

எனக்கு உடனே விளங்கவில்லை.

"பொண்ணு குரல் எனக்கு ஞாபகம் இருக்கு. அது இப்ப மாறியிருக்கும், ஆனாலும் ஏதோ இருக்கு. இவனோடது எனக்குத் தெரியாது. அவர்கிட்ட கேட்டா நல்லா இருக்குங்கறார். எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்றாங்க. நீங்க சரியாச் சொல்லுவீங்க."

பையனைப் பக்கத்தில் கூப்பிட்டேன். பம்பரம் யார் வாங்கிக் கொடுத்தது, அக்கா அடிப்பாளா என்று ஏதேதோ கேட்டேன். வெட்கப்படாமல் பேசினான். கேட்டுவிட்டு அவரிடம் திரும்பி, "வயசுக்குக் கொஞ்சம் கட்டைக் குரலுங்க. சிரிச்சா மட்டும் மேல போயிடுது" என்றேன். என் வாயை விட்டுக் கண் எடுக்காமல், இன்னும் சொல்லுங்கள் என்கிற மாதிரி தலையை அசைத்தார். "அவசரமாப் பேசறான். கடைசி வார்த்தையை முழுங்கிடறான்" என்றேன்.

அந்த நேரம் பார்த்து மைசூர் ரயில் வந்தது. தண்டவாளம் வீட்டுக்குப் பின்னாலேயே. ஜன்னல் கம்பிகள் அதிர்ந்தன. பையன் பம்பரத்தைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடி, "லயிலு! லயிலு!" என்று குதித்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஏன் என்று கேட்டார்.

"அவனுக்கு 'ர' வரலீங்க. ரயிலை லயில்ங்கறான்."

அவர் முகம் மாறிவிட்டது. "ர வராதா?" என்றார். யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லவேண்டிய விஷயம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. பையனைத் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். தானும் சொல்லிப் பார்த்தார், மிகவும் சத்தமாக: "லயில்."

பையன் தலையை ஆட்டி மறுத்தான். "லயில் இல்லம்மா. லயில்!"

"என்ன சொல்றான்?" என்று என்னைக் கேட்டார். தப்பாகச் சொல்கிறீர்கள் என்கிறான், லயில் இல்லையாம், லயிலாம் என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு அவன் முகவாயைப் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அவன் சொன்னான். உதட்டைக் கூர்ந்து பார்த்துவிட்டு, மறுபடியும் என்றார்.

ரயில் போய்விட்டிருந்தது. அவர் கேட்கக் கேட்க அவன் சொல்லிக்கொண்டே இருந்தான்.